கடி

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் நாள் முழுக்கக் கடி ஜோக் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ‘கடி’ என்றால் கூர்மை என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, அதனால் கடி ஜோக் என்றால் கூர்மையான ஜோக் என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா? உண்மையானால் இந்த அற்பச் சொல்லுக்கும் ஒரு மரியாதை கிடைக்குமே. ‘ஜோக்’குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. தொல்காப்பியர் உரியியலில் ‘கடி’க்கு வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு என்று பத்துப் பொருள் சொல்கிறார். அடுத்த நூற்பாவில் ஐயம், கரிப்பு என்று இன்னும் இரண்டு. ஆனால் அது உரிச்சொல். கடிநகர், கடிமரம் என்று பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். காவல் உள்ள நகர், காவல் மரம். உங்கள் மகனுடைய கடி பல்லால் கடிக்கிற கடி, வினைச்சொல். ‘கடிக்காதடா’, ‘செமையாக் கடிச்சான்’, ‘கடி தாங்கல’ என்றுதானே சொல்கிறோம்? கடிநகரை வைத்து இப்படி ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள், வராது. ஓசை ஒன்றாக இருப்பதாலேயே சொல்லும் ஒன்றாகிவிடாது.

நான் கல்லூரியில் படித்த நாளில் ‘அறுவை’ என்போம். அப்புறம் ரம்பம், பிளேடு, கடி என்று வந்தது. இப்போது மொக்கை. மொக்கை என்றால் முனை மழுங்கியது. வரிசையாக வைத்துப் பாருங்கள், எல்லாமே வெட்டுகிற, அறுக்கிற சமாசாரம். சிலேடை என்று பெயர் வைத்தவர்கள் புலவர்கள். கடி என்று பெயர் வைத்ததோ கேட்டு நொந்தவர்கள். பேசினவன் வாயில் பிறக்காமல் கேட்டவன் காதில் பிறந்த சொல் அது. இதை நான் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்ததால் எழுதுகிறேன்.

‘அற்பச் சொல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. விடுதி அறையிலும் பஸ் படிக்கட்டிலும் பிள்ளைகள் பேசிப் பேசி வளர்த்த சொல்லுக்கு எதற்கு ஈராயிரம் வருஷத்துச் சான்றிதழ்? சொல் அப்படியே நின்று இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்தால் வேறு பொருள் தந்தால் பிரிமொழிச் சிலேடை என்று தண்டியலங்காரம் வகுக்கிறது. ‘ஆடிக் குடத்தடையும்’ என்று பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பா பாடினார் காளமேகம். உங்கள் பையன் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து செய்வதும் அதே வேலைதான். அவனை அதட்டாதீர்கள். தமிழை உடைத்துப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் அதன் மூட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

என் மாமா ஒருவர் இருந்தார். கல்யாண வீடுகளில் பாயச வாளி எப்போதும் அவர் கையில்தான். ஒரு முறை கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, “என்ன மாமா, முந்திரியே காணோம்?” என்றேன். “பந்திக்கு முந்தினாத்தான்டா முந்திரி” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். பந்தி முழுக்க “ஐயோ, கடி!” என்று கத்தியது. அவர் திரும்பி, “எத்தனை பல்லு பட்டுது?” என்று கேட்டார்.

‘ஜோக்’ ஜோக்காகவே இருக்கட்டும்.

கடைசி வருஷம் மாமாவுக்குப் பல் ஒன்றுகூட இல்லை. பார்க்கப் போயிருந்தபோது குரல் மிகவும் இறங்கியிருந்தது. ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மாமா” என்றேன். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். “பல்லு போச்சுடா. இனிமே கடிக்க முடியாது, மெல்லத்தான் முடியும்” என்றார்.