84,000-க்கு கேமிங் கம்ப்யூட்டரா? முதலில் கொட்டேஷனைப் படிப்போம்

கேள்வி: கரூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு டெக்ஸ்டைல் கம்பெனியில் மாதம் 34,000 சம்பளம். நான் வீட்டிலிருந்தே ஐந்து கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன், கடைக்கு 1,500 வீதம் 7,500 வருகிறது. 2013-இல் வாங்கிய கம்ப்யூட்டர் இப்போது ஆன் ஆகவே பத்து நிமிடம் எடுக்கிறது. அதனாலேயே புதிதாகக் கேட்ட இரண்டு கடைக்காரர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன், வாங்குவதுதான் வாங்குகிறோம், கேம் ஆடுகிற மாதிரி வாங்கலாம் என்கிறான். வேலரன்ட், ஜிடிஏ 5, அடுத்து ஜிடிஏ 6 வருகிறதாம். ஒரு கடையில் 84,000 சொல்கிறார்கள், கிரெடிட் கார்டில் மாதம் 7,000 வீதம் 12 மாதம், வட்டி கிடையாது, ரொக்கம் என்றால் 80,500. இன்னொரு இடத்தில் செகண்ட்ஸில் 'ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ்' 26,000. கார்டு லிமிட் ஒரு லட்சம். வங்கியில் 40,000 இருக்கிறது. தபால் நிலைய ஆர்டியில் மாதம் 2,000 வீதம் 26 மாதம் கட்டியாயிற்று. பைக் இஎம்ஐ 3,200 இன்னும் ஐந்து மாதம். எதை வாங்கலாம்? வளையலை அடகு வைக்கலாமா என்றும் ஒரு யோசனை.

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். வளையல் பெட்டியிலேயே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 84,000 இல்லை, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அந்த இரண்டு கடைகள்தான். மாதம் 3,000 ரூபாய். பழைய கம்ப்யூட்டரால் நீங்கள் ஏற்கெனவே இழந்துகொண்டிருக்கும் பணம் அது. ஆகவே இதை மகனுடைய கேமிங் கம்ப்யூட்டர், நடுவில் அம்மாவும் கொஞ்சம் டாலி பார்த்துக்கொள்வாள் என்று யோசிக்காதீர்கள். இது உங்கள் தொழிலுக்கான கருவி, அதில் அவனும் ஆடிக்கொள்ளலாம். இப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தால் பட்ஜெட் தானாக வந்துவிடும்: கூடுதலாக வரப்போகிற அந்த 3,000 எவ்வளவு கடனைத் தாங்குமோ அவ்வளவுதான் கடன்.

நீங்கள் அனுப்பிய கொட்டேஷன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐ5 12400எஃப், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ராம் ஒரே குச்சி, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 24 இன்ச் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், கலர் ஃபேன் வைத்த கேபினட், அப்புறம் 'எஸ்எம்பிஎஸ் 500 வாட்', அதாவது எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி. மோசமான செட் என்று சொல்ல மாட்டேன், கேம் ஆட நன்றாகவே ஆடும். ஆனால் அந்தப் பணத்தில் கிட்டத்தட்ட பாதி கிராபிக்ஸ் கார்டுக்கும் மானிட்டருக்கும் லைட்டுக்கும் போகிறது, உங்கள் டாலிக்கு அதில் பத்து பைசா பிரயோஜனம் இல்லை. இன்னொன்று, ப்ராசசர் பெயரின் கடைசியில் இருக்கும் அந்த 'எஃப்'. அதில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். கிராபிக்ஸ் கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போனால், அது திரும்பி வரும்வரை திரையில் ஒன்றும் வராது. 19-ஆம் தேதி கார்டு போய், 20-ஆம் தேதி கடைசி நாளில், ஐந்து கடைக்காரர்களும் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி என்னாச்சு என்று போன் செய்தால் என்ன சொல்வீர்கள்?

எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கம்பெனி பெயரே எழுதவில்லை பாருங்கள். எல்லாவற்றுக்கும் மாடல் எழுதுகிறவர்கள் இதற்கு மட்டும் வாட் எழுதிவிட்டு நிறுத்துவார்கள். என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இப்படிப் பெயரில்லாத '500 வாட்' ஒன்று இரண்டே வருடத்தில் டப்பென்று வெடித்துப் போர்டையும் சேர்த்துக்கொண்டு போனது. ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் பிடிக்கப் போய் எட்டாயிரத்துக்கு வேலை வைத்தேன். பணத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள் நான்!

வட்டியில்லா இஎம்ஐ விஷயத்துக்கு வருவோம். அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, மீதியைக் கடனாக்கி, அதே வட்டியை மாதா மாதம் உங்களிடம் வாங்குகிறார்கள். கிரெடிட் கார்டின் வட்டி 16 சதவீதம் என்று வையுங்கள். 7,000 வீதம் 12 மாதம் என்றால் கடன் சுமார் 77,150, வட்டி சுமார் 6,850. இந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 1,230 ரூபாய், உங்கள் தலையில். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் அதற்கும் வரி சேர்த்து 235. ரொக்கமாகக் கொடுத்தால் குறைகிற 3,500-ஐயும் கூட்டினால் 5,000-க்கு முப்பது ரூபாய் குறைவு. பெயர் மட்டும் நோ காஸ்ட். போகட்டும், அதைவிடப் பெரிய தொல்லை வேறு. ஒரு லட்சம் லிமிட்டில் முக்கால்வாசிக்கு மேல் அடைபட்டுவிடும். பைக்கும் இதுவுமாக ஐந்து மாதத்துக்கு 10,200 ரூபாய் தவணை, 41,500 வருமானத்தில், வாடகை போக. ஒரு மாதம் தவறினால் கிரெடிட் கார்டின் அசல் முகம் தெரியும், மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி.

செகண்ட்ஸ் ஐ7 இன்னும் மோசம். ஐ7 என்று மட்டும் சொன்னால் அது எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். இந்த விலையில் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது தலைமுறையாக இருக்கும், அதாவது உங்கள் பழைய கம்ப்யூட்டரின் வயசுதான், கொஞ்சம் வசதியான வீட்டில் பிறந்தது, அவ்வளவே. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாவது தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. ஐந்து கடைகளின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு இருக்கிற மெஷினில் அந்த ரிஸ்க் எடுக்கக் கூடாது. '4 ஜிபி கிராபிக்ஸ்' என்பது அனேகமாக ஜிடி 730 ஆக இருக்கும், 2014-இல் வந்த கார்டு. நான்கு ஜிபி என்பது அதன் மெமரி அளவு, வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்பெனிகளிலிருந்து லீஸ் முடிந்து வருகிற எட்டாவது தலைமுறைக்கு மேற்பட்ட பிராண்டட் மெஷின்கள் டாலிக்கு அருமையானவை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவில் இருக்கும், பின்னால் பெரிய கார்டு போட வழியிருக்காது. மகன் பேச்சே இல்லாதிருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன்.

சரி, என்னதான் வாங்குவது? இரண்டு கட்டமாக வாங்குங்கள். இப்போது கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே முழுதாக வேலை செய்கிற கம்ப்யூட்டர், பிறகு கையில் காசு சேர்ந்ததும் கார்டு. அதற்குத் தோதானது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி அல்லது 5600ஜிடி ப்ராசசர். ஆறு கோர், உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ். நான்கு ராம் ஸ்லாட் உள்ள பி450 அல்லது பி550 போர்டு, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பெயர் சொல்லக்கூடிய கம்பெனியின் 550 வாட், 'ப்ரான்ஸ்' (வெண்கல) தரச்சான்று போட்ட எஸ்எம்பிஎஸ், காற்று போகிற சாதா கேபினட். ராம் 16 ஜிபி, ஆனால் எட்டெட்டாக இரண்டு குச்சி. இதை மட்டும் கடைக்காரர் மாற்றவே விடாதீர்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கு என்று தனி மெமரி கிடையாது, ராமிடம்தான் கைமாற்று வாங்கும். ஒரே குச்சி போட்டால் கேம் திக்கித் திணறும்.

இந்த ரக போர்டு பழசாகிவிட்டது, ஏஎம்டியின் புதிய ரகமான ஏஎம்5-க்குப் போங்கள் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதற்குப் புதிய ரக டிடிஆர்5 ராம் வேண்டும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றம் உங்கள் பட்ஜெட்டுக்குத் தாங்காது. நான் சொன்ன போர்டுக்கான டிடிஆர்4-ம் ஏறித்தான் இருக்கிறது. அதனால்தான் தீபாவளி ஆஃபர் வரை பொறுங்கள் என்று வழக்கமாகச் சொல்கிற நான் இந்தத் தடவை சொல்லவில்லை.

மானிட்டர் வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பது 18.5 இன்ச், 1366க்கு 768 தானே? டாலிக்குப் போதும் என்பது ஒருபுறம், அந்தச் சின்னத் திரைக்குப் படம் வரைவது கிராபிக்ஸுக்கும் சுலபம். வேலரன்ட் இதில் தாராளமாக ஓடும், ஜிடிஏ 5 செட்டிங்கைக் கொஞ்சம் இறக்கினால் ஓடும். பழைய மானிட்டரில் விஜிஏ என்ற பழைய கேபிள் இணைப்பு மட்டும் இருந்தால் போர்டிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சில நூறு ரூபாய்க்கு எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் கிடைக்கும். கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் எல்லாம் பழையதே. யுபிஎஸ் பேட்டரியை மட்டும் மாற்றிவிடுங்கள்.

இதற்கு நான் வைக்கும் உச்சவரம்பு 45,000. அதில் 20,000 வங்கியிலிருந்து எடுங்கள். மீதிக்கு ஆர்டியை உடைக்க வேண்டாம், உடைக்கவும் முடியாது, தபால் ஆர்டியை மூன்று வருடம் ஆனபிறகுதான் முன்கூட்டி முடிக்க விடுவார்கள், அதுவும் சேமிப்புக் கணக்கு வட்டிக்கு. ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. 12 தவணை கட்டிய ஆர்டியின் பேரில் இருப்பில் பாதிவரை கடன் தருவார்கள், ஆர்டி வட்டியைவிட 2 சதவீதம் கூடுதலாக, சாதா வட்டியில். உங்கள் ஆர்டி 6.7 சதவீதம் என்றால் கடன் 8.7. 25,000 எடுத்து ஒரு வருடத்தில் அடைத்தால் வட்டி 2,200-ஐத் தாண்டாது, மாதத் தவணை 2,300-க்குள். இந்த வாரமே அந்த இரண்டு கடைக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் வந்துவிட்டால் தவணை போக மாதம் 700 கையில் நிற்கும். வராமல் போனால்? அப்போதும் 2,300 என்பது 7,000 இல்லையே.

வங்கியில் மீதி 20,000-தான் நிற்கும், அது எனக்கு உறுத்துகிறது. அதனால் பைக் இஎம்ஐ முடிந்ததும் அந்த 3,200-ஐ மூன்று மாதம் வங்கியிலேயே விடுங்கள். அதற்கப்புறம் எட்டு மாதம் கிராபிக்ஸ் கார்டுக்கு, 25,600 சேரும். கணக்குப் போட்டால் இன்றிலிருந்து பதினாறு மாதம். மகனுக்குப் பிளஸ் டூ தேர்வு முடிந்திருக்கும். நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை, கணக்கு அப்படி வந்து விழுந்தது, ஆனால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று தெரியும். அன்றைக்கு எந்தக் கார்டு நல்லது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம், 8 ஜிபி மெமரிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஜிடிஏ 6-ஐக் காட்டி அவசரப்படுத்தினால், இப்போதைக்கு அறிவித்திருப்பது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான், கம்ப்யூட்டருக்குத் தேதியே சொல்லவில்லை என்று சொல்லுங்கள். அவனுக்கே தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருப்பான். வேலரன்ட் இலவசம், ஆனால் உள்ளே துப்பாக்கிக்குக் கலர் அடிக்கக் காசு கேட்கும். வீட்டில் இருக்கும் கிரெடிட், டெபிட் கார்டு எதையும் அதில் சேமித்து வைக்காதீர்கள், பிறந்தநாளுக்கு ஒரு தொகை என்று பேசி முடித்துவிடுங்கள்.

கரண்ட் பில்லையும் மறக்க வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு கேம் நேரத்தில் சுமார் 250 வாட் இழுக்கும், தினம் நான்கு மணி நேரம் என்றால் ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60. உங்கள் வீட்டில் ஏற்கெனவே 460 ஓடினால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் 500-க்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் சலுகை போய்விடும், தாண்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல். போன பில்லை எடுத்துப் பாருங்கள்.

சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் இன்னும் குறையும் என்பார்கள். குறையலாம். போக வர ஆகும் செலவையும், பழுதானால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் பஸ் ஏறுவது என்பதையும் யோசித்தால் கரூரிலேயே ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுப்பது தப்பில்லை. எங்கே வாங்கினாலும் ஒவ்வொரு பாகத்துக்கும் மாடலும் சீரியல் நம்பரும் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். உங்கள் தொழிலே அதுதான், உங்களிடமே பில் இல்லாமல் வாங்கினால் குறையும் என்று யாராவது சொன்னால் எனக்கும் எழுதுங்கள், சிரிக்க வேண்டும். விண்டோஸ் 'போட்டுத் தருகிறோம்' என்றால் வேண்டாம், அசல் உரிமம் எவ்வளவு என்று கேட்டு அதை அந்த 45,000-க்குள்ளேயே அடக்குங்கள். இடிக்கிறது என்றால் கேபினட்டில் குறையுங்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே மகனுக்குத் தனி யூசர் அக்கவுண்ட் போட்டு, டாலி டேட்டாவை வெளி டிரைவில் ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாட்களான மாதா மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் அது அம்மாவுடைய கம்ப்யூட்டர் என்று காலண்டரில் வட்டம் போட்டு மாட்டுங்கள்.