வரியில்லா ஒப்பந்தம் இருந்தும் பாரிஸில் ஏன் வரி கேட்கிறார்கள்?

வாசகர் கேள்வி: லண்டன் ஹாரோவில் துணிக்கடையும் அதை ஒட்டி இனிப்புக்கடையும் நடத்துகிறேன். திருப்பூரிலிருந்து வரவழைக்கும் ஆயத்த ஆடைகளையும் நாங்களே செய்யும் நெய் இனிப்புகளையும் பாரிஸ் லா சப்பலில் இருக்கும் உறவினர் கடைக்கு அனுப்பிவந்தோம். 2021 முதல் ஆடைகளுக்கு பிரான்சிலும் சுங்கவரி கேட்கிறார்கள். இனிப்பை அனுப்பவே முடியவில்லை. பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் வரியில்லா ஒப்பந்தம் இருக்கிறதே? மீண்டும் சுங்க ஒன்றியத்தில் சேர வேண்டும் என்பவர்களுக்கு வாக்களித்தால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: ஆடைக்குத் தீரும், இனிப்புக்குத் தீராது. ஆடைக்குத் தீரும்போதும் இன்னொரு பக்கம் உங்களுக்கு இழப்பு உண்டு.

முதலில் அந்த ஒப்பந்தம். 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் அது, பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உருவான பொருளுக்கு மட்டுமே வரிவிலக்கு தருகிறது. திருப்பூரில் தைத்த சட்டை லண்டன் வழியாகப் போனாலும் இந்தியச் சட்டைதான். இங்கே இஸ்திரி போட்டு, சீட்டு ஒட்டி, புதிய பெட்டியில் அடைத்தாலும் அதன் பிறப்பிடம் மாறாது என்று ஒப்பந்தமே சொல்கிறது. ஆகவே பிரிட்டனுக்குள் வரும்போது ஒரு வரி, பிரான்சுக்குள் நுழையும்போது இன்னொரு வரி. பெரும்பாலான ஆயத்த ஆடைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான விகிதம் 12 சதவீதம். இந்த விதியில் அதிகம் அடிபட்டவர்கள் வாங்கி விற்கும் உங்களைப் போன்ற வணிகர்களே. 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பின் வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டே பதில்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக நீடிப்பது, வெளியேறுவது. வெளியேறினால் எதிலிருந்தெல்லாம் வெளியேறுவோம் என்பதை அந்தச் சீட்டு மக்களிடம் கேட்கவே இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம் தரும் குறை.

ஏனென்றால் பிரிட்டன் விட்டுவந்தவை இரண்டு வேறு அமைப்புகள். சுங்க ஒன்றியத்தில் எல்லா நாடுகளுக்கும் வெளியுலகை நோக்கி ஒரே வரிப்பட்டியல். ஒரு துறைமுகத்தில் வரி கட்டிவிட்டால் சரக்கு உள்ளே எங்கும் போகலாம். உங்கள் ஆடைகள் முன்பு டோவரிலிருந்து கலேவுக்குக் கேள்வியின்றிப் போனது இதனால்தான். ஒற்றைச் சந்தை வேறு. உணவுப் பாதுகாப்பு, கால்நடை மருத்துவச் சான்று, தரக்கட்டுப்பாடு, ஆட்கள் வந்துபோகும் உரிமை ஆகியவை அதைச் சேர்ந்தவை. பாலும் நெய்யும் கலந்த உங்கள் இனிப்பு லண்டனிலேயே உருவானாலும், அதன் வகைக்கேற்ப அதிகாரபூர்வ சுகாதாரச் சான்றோ இறக்குமதியாளரின் எழுத்துப்பூர்வ உறுதிமொழியோ இல்லாமல் எல்லை தாண்டாது. சுங்க ஒன்றியத்தில் மட்டும் சேர்ந்தால் இந்தத் தேவை நீங்காது.

இரண்டில் ஒன்றில் மட்டும் இருக்கும் நாடுகள் உண்டு. நார்வே ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி என்ற உடன்பாட்டின் மூலம் 1994 முதல் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. அதனால் ஸ்வீடன் எல்லையில் சுங்கச் சோதனை தொடர்கிறது. துருக்கி இதற்கு நேர்மாறு. 1995 இறுதியிலிருந்து தொழிற்பொருள்களுக்குச் சுங்க ஒன்றியம், ஒற்றைச் சந்தை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு நாட்டுடன் ஒப்பந்தம் போட்டால் துருக்கி தன் வரியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த நாட்டின் சந்தை துருக்கிக்குத் தானாகத் திறக்காது. பேச்சுவார்த்தை மேசையில் துருக்கிக்கு இடமும் இல்லை.

உங்களுக்கு இழப்பு வரும் இடமும் இதுவே. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனும் இந்தியாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இந்திய ஆடைகள் மீதான சுங்கவரியை நீக்க பிரிட்டன் சம்மதித்திருக்கிறது. சொந்த வரிப்பட்டியல் கையில் இருந்ததால்தான் அது சாத்தியமானது. சுங்க ஒன்றியத்துக்குத் திரும்பினால் ஐரோப்பிய வரிப்பட்டியலே பிரிட்டனுக்கும் பொருந்தும், இந்தச் சலுகை தனித்து நிற்காது. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் தமக்குள் வரியை நீக்கினால் இந்த முரண்பாடு பெரிதும் குறையும்.

நாட்டுக்கு எது நல்லது என்பதிலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அருகில் உள்ள சந்தை ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை வாங்கும்போது அதை விட்டு விலகுவது இழப்பு என்றே கருதுகிறேன். பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம், வெளியேற்றத்தால் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. புதிய ஒப்பந்தங்களால் வரும் ஆதாயத்தை அரசே மதிப்பிட்டிருக்கிறது: ஆஸ்திரேலியாவால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.08 சதவீதம், இந்தியாவால் 0.13 சதவீதம். இப்படி எத்தனை ஒப்பந்தங்கள் சேர்ந்தால் அந்த 4 சதவீதம் நிரம்பும்? ஆனால் வெளியேறாமல் இருந்திருக்கலாம் என்பதால் இப்போது எந்த வடிவிலாவது திரும்பினால் போதும் என்று ஆகாது. துருக்கியின் நிலைக்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். வாக்குக் கேட்டு வருபவரிடம் எந்த அமைப்பில் சேரப் போகிறீர்கள், விதிகளை வகுக்கும் இடத்தில் பிரிட்டனுக்குக் குரல் இருக்குமா என்று கேளுங்கள்.

அரசியல் முடிவுகளுக்காகக் கடை காத்திருக்க முடியாது. பாரிஸுக்கான ஆடைகளைத் திருப்பூரிலேயே தனியாகப் பிரித்து, தூத்துக்குடியிலிருந்து நேராக பிரான்சின் ல ஹாவ்ர் துறைமுகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் உறவினர் பிரான்சில் இறக்குமதியாளராகச் சுங்கப் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். லண்டன் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்றால், பாரிஸுக்கான பங்குக்கு இங்கே வரி கட்டிவிடாதீர்கள். சுங்கக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் வைத்து அங்கிருந்து பிரான்சுக்கு அனுப்பினால் பிரெஞ்சு வரி மட்டும் போதும். இதற்குச் சொந்த உரிமம் வேண்டாம், உரிமம் உள்ள கிடங்குகளில் இடம் வாடகைக்குக் கிடைக்கும். சரக்கு சிறிதென்றால் வாடகையும் முகவர் கட்டணமும் மிச்சத்தை விழுங்கிவிடும். உங்கள் அளவுக்கு முதல் வழியே மேல்.

இனிப்புக்கு நம்பிக்கை தருவது 2025 மே 19 லண்டன் உச்சிமாநாடு. உணவு, தாவரச் சோதனைகளைத் தளர்த்தும் தனி ஒப்பந்தத்துக்கு வழிசெய்ய இரு தரப்பும் அங்கே இசைந்தன. அது நடைமுறைக்கு வரும்வரை பாலோ நெய்யோ வெண்ணெயோ சேராத, எண்ணெயில் பொரித்த முறுக்கு, மிக்சர் போன்றவற்றை மட்டும் அனுப்புங்கள். அவற்றுக்குக் கால்நடை மருத்துவச் சான்று தேவையில்லை. உறையில் பொருள்களின் பட்டியலைப் பிரெஞ்சு மொழியில் அச்சிட்டு, பிரான்சில் இறக்குமதி செய்பவரின் பெயரையும் முகவரியையும் சேர்க்க மறக்காதீர்கள்.