பாக்கெட் மிஷின் பக்கத்தில் நிற்கும் பையன்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூவில் மார்க் குறைந்ததால் பையன் எதிர்காலமே போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். போகவில்லை. ஆறுதல் இவ்வளவுதான், இனி கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்க நிலத்தை அடகு வைக்கச் சொல்கிறாரே உங்கள் கொழுந்தனார், வட்டியை அவரா கட்டப் போகிறார்? வேண்டாம். பையனும் அதைக் கேட்கவில்லை.

லீவு முழுக்க மசாலா கம்பெனியில் பாக்கெட் போடும் மிஷின் பக்கத்திலேயே நின்றான் என்று குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

அந்த மாதிரி மிஷின்கள் பலவற்றில் கவர் ரோலை இழுக்க சர்வோ மோட்டார் இருக்கும், அதாவது சொன்ன வேகத்தில், சொன்ன அளவுக்குத் துல்லியமாகச் சுற்றும் மோட்டார். அதை ஆட்டுவிப்பது பிஎல்சி, மிஷினை இயக்க புரோகிராம் எழுதி வைக்கும் சின்னக் கம்ப்யூட்டர். பாக்கெட் நீளம் 150 மி.மீ., நிமிடத்துக்கு 40 பாக்கெட் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 6,000 மி.மீ. கவர் இழுக்க வேண்டும். ரோலர் சுற்றளவு 300 மி.மீ. என்றால் 20 சுற்று. அந்த 20ஐ அப்படியே புரோகிராமில் எழுதிவிட்டால், வேகம் மாற்ற ஒவ்வொரு தடவையும் லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். வேரியபிளாக, அதாவது தேவைக்கு மாற்றிக்கொள்ளும் மதிப்பாக வைத்தால், ஆபரேட்டர் டச் ஸ்கிரீனில் 60 பாக்கெட் என்று தட்டுவார், பிஎல்சி கணக்குப் போட்டு 30 சுற்றுக்கு ஏற்றும். புதுசாகக் கற்பவர்கள் சறுக்குவது இங்கேதான்: ஸ்கிரீனில் எண் மாறியிருக்கும், மோட்டார் பழைய வேகத்திலேயே ஓடும். பல பிஎல்சிகளில், புரோகிராமில் மோட்டாருக்கு வேகம் சொல்லும் பகுதி, ‘எக்ஸிகியூட்’ (செய் என்னும்) சிக்னல் ஆஃபிலிருந்து ஆனுக்கு மாறும் அந்தக் கணத்தில்தான் புது மதிப்பை வாங்கிக்கொள்ளும். இதைத் தானே கண்டுபிடிக்கிறவனுக்கு இந்த வேலை பிடித்துவிடும்.

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு என்பதால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். மெக்கட்ரானிக்ஸ் (மெக்கானிக்கலும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்த படிப்பு) அல்லது ட்ரிபிள்-இ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) பாருங்கள். பி.இ. ஆசை வந்தால், டிப்ளமோ முடித்து அங்கேயும் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, மிஷின் நின்றால் ராத்திரியும் ஓட வேண்டும். மறைக்க விரும்பவில்லை.

‘ஒரே மாதத்தில் பிஎல்சி, வேலை உறுதி’ என்று போர்டு வைத்த இடங்களில் பணம் கட்டிவிடாதீர்கள். உள்ளே போய், மேஜையில் நிஜ சர்வோ மோட்டாரும் அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவும் இருக்கிறதா, பையன் கையால் ஓட்ட விடுவார்களா என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், வீட்டு லேப்டாப்பில் பிஎல்சி புரோகிராம் எழுத உதவும் கோடெசிஸ் (CODESYS) மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மோட்டாரே இல்லாமல் சிமுலேஷனில் பழகலாம். பத்து நாள் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். சலித்து எழுந்துவிட்டான் என்றால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.