ட்ரீம்காஸ்ட்டை இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள்? வெறும் இளமை நினைவுதானா?

"இரண்டரை ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்ட ஒரு கேம் கன்சோலைப் பற்றி இவ்வளவு உருகுவது வெறும் இளமை நினைவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'வெறும்' என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. மற்றவர்களுக்கு எப்படியோ, என் விஷயத்தில் அது இளமை நினைவாக இருக்க வழியே இல்லை. ட்ரீம்காஸ்ட் என் கைக்கு வந்தபோது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதைத் தயாரித்த ஜப்பானிய நிறுவனமான செகா அதன் உற்பத்தியை ஏற்கெனவே நிறுத்தியிருந்தது. விளம்பரத்தைப் பார்த்து ஏங்கியதில்லை, பள்ளி நண்பர்களோடு போட்டி போட்டதில்லை. இறந்துபோனது என்று எல்லோரும் சொன்ன ஒரு கருவியை, அது இறந்த பிறகுதான் சந்தித்தேன்.

நீங்கள் அநேகமாக ஏதாவது ஒரு பழைய விளையாட்டுத் தொகுப்பில், ட்ரீம்காஸ்ட்டில் பெயர்பெற்ற கிரேஸி டாக்ஸியைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். 'நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்' என்று தோன்றியிருக்கும். அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் அந்த ஒரு விளையாட்டை வைத்து அந்தக் கருவியை எடை போட முடியாது.

விற்பனைக் கணக்கோடு வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆம், தோற்றது. ஜப்பானில் 1998 நவம்பர் 27 அன்று வெளிவந்தது. அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9. 2001 ஜனவரி 31 அன்று செகா கைவிடுவதாக அறிவித்தது, மார்ச் இறுதியோடு உற்பத்தி நின்றது. மொத்தம் ஏறத்தாழ 91 லட்சம் கருவிகள் விற்றன. அதன் போட்டியாளரான பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கும் மேல். இந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. எத்தனை விற்றது என்பதும் என்ன செய்தது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்கிறேன், அவ்வளவுதான்.

என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பர் ஒருவர் வேலை மாற்றலாகி வெளிநாடு போனார். போகும்போது, "இதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஓர் அட்டைப்பெட்டியை விட்டுச் சென்றார். அதில் அந்த வெள்ளைக் கருவி, நான்கு கன்ட்ரோலர்கள், ஒரு உறை நிறைய டிஸ்க்குகள். அதுவரை எனக்கு வீடியோ கேம் என்றால் கார்ப் பந்தயமும் துப்பாக்கியும் மட்டுமே. பெட்டி பல வாரம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அக்காவும் அத்தானும் பையனோடு வந்து தங்கியபோதுதான், பையனுக்குப் பொழுதுபோகட்டும் என்று அதை வெளியே எடுத்தேன். கையில் முதலில் கிடைத்த டிஸ்க் சூ சூ ராக்கெட். எலிகள் கட்டங்கள் வரைந்த பலகையில் ஓடிக்கொண்டே இருக்கும். சுவரில் முட்டினால் வலப்பக்கம் திரும்பும். நாம் தரையில் அம்புக்குறிகளை வைத்து அவற்றை நம் ராக்கெட்டுக்குள் அனுப்ப வேண்டும். ஒருவருக்கு ஒரே சமயத்தில் மூன்று அம்புகள்தான். நான்காவதை வைத்தால் முதலில் வைத்தது மறைந்துவிடும். பூனை உள்ளே புகுந்துவிட்டால் சேர்த்த எலிகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஓர் ஆட்டம் மூன்று நிமிடம். விதிகள் இவ்வளவுதான். கன்ட்ரோலரின் நான்கு பொத்தான்கள் எந்தத் திசையில் இருக்கின்றனவோ, அந்தத் திசையில் அம்பு விழும். யாருக்கும் எதையும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு இதெல்லாம் வராது தம்பி" என்று ஒதுங்கி உட்கார்ந்திருந்த அக்காவை, நான்காவது கன்ட்ரோலர் சும்மா கிடக்கிறதே என்று பையன்தான் வற்புறுத்தி இழுத்தான். முதல் இரண்டு ஆட்டங்களில் அவள் திரையில் தன் சுட்டி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். அதன்பின் ஒன்றைக் கண்டுபிடித்தாள்: எலிகளைத் தன் பக்கம் திருப்புவதைவிட, பூனையை அத்தான் பக்கம் திருப்புவது எளிது. அந்த நொடியிலிருந்து அத்தானுக்கு நிம்மதி இல்லை. வீட்டில் குரலே உயர்த்தாத மனிதர் எழுந்து நின்று, "இது அநியாயம், என் ராக்கெட்டில்தான் எப்போதும் பூனையா?" என்று கத்தினார். கேள்விக்குறி போட்ட எலி ஒன்று உள்ளே போனால் ஒரு சக்கரம் சுழலும். சில சமயம் எல்லோருடைய ராக்கெட்டும் இடம் மாறிவிடும். அப்படி மாறியபோது, அக்கா அத்தானுக்காக அனுப்பிய பூனைகள் அவளிடமே வந்து சேர்ந்தன. பையன் சிரித்துத் தரையில் உருண்டான். நள்ளிரவைத் தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. தங்கியிருந்த நாள் முழுக்கச் சாப்பாடு முடிந்ததும் அந்த நான்கு கன்ட்ரோலர்கள்தான். தொலைக்காட்சித் தொடர் பார்க்க வேண்டும் என்று அக்கா ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அக்காவுக்கு வீடியோ கேம் பற்றி எந்தப் பழைய நினைவும் கிடையாது. அத்தானுக்கு செகா என்ற பெயரே தெரியாது. அவர்கள் அந்த ஆட்டத்தில் மயங்கியது அது நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது என்பதால். அதைச் செய்தவர்கள் செகாவின் சோனிக் டீம் என்ற குழுவினர். கருவியின் இணைய இணைப்பு தாங்குமா என்று சோதித்துப் பார்க்கப் பிறந்த விளையாட்டு அது. திரையில் நூறு எலிகள் ஓடினாலும் தடுமாறாது.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு மற்ற டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. ஜெட் செட் ரேடியோவில் சக்கரக் காலணி மாட்டிய இளைஞர்கள் டோக்கியோ போன்ற ஒரு நகரத்தின் சுவர்களில் வண்ணம் தெளிக்கிறார்கள்; காவல்துறை துப்பாக்கியோடு துரத்துகிறது. பெரிய ஓவியம் வேண்டுமானால் துரத்தலுக்கு நடுவே நின்று, கன்ட்ரோலரின் குச்சியைச் சரியாகச் சுழற்றி அதை வரைய வேண்டும். கறுப்புக் கோடு போட்டுக் கையால் வரைந்த கார்ட்டூன் போன்ற அந்தக் காட்சிமுறையை முப்பரிமாணத்தில் கொண்டுவந்த முதல் சில விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. நம் சொந்த ஓவியத்தை வரைந்து அந்த நகரத்தின் சுவர்களில் பதிக்கவும் முடியும். நான் எங்கள் குடும்பத்தினரின் பெயர்களைத் தமிழில் எழுதி அந்த நகரம் முழுக்கத் தெளித்தேன். அதைப் போல் ஒரு மகிழ்ச்சியை அதன்பின் எந்த விளையாட்டும் எனக்குத் தரவில்லை.

சீமேன் இன்னொரு திசை. கன்ட்ரோலரில் மைக் ஒன்றைச் செருகி, மனித முகம் கொண்ட ஒரு மீனிடம் பேச வேண்டும். தொட்டியின் வெப்பத்தையும் காற்றையும் நாம்தான் கவனிக்க வேண்டும். கவனிக்காவிட்டால் அது செத்துப்போகும். பிறந்தநாளைக் கேட்கும், நம்மைப் பற்றி விசாரிக்கும், முகத்துக்கு நேராகக் குறை சொல்லும். ஆங்கிலப் பதிப்பில், விளையாட்டைப் போட்டதும் தொட்டியின் நிலவரத்தைச் சொல்லும் குரல் நடிகர் லியோனர்ட் நிமோயுடையது. யுடாகா சைட்டோ என்பவரின் கற்பனை அது. கணினியோடு வாயால் பேசுவது இன்று சாதாரணம். 1999-இல் அதை மனித முகம் கொண்ட ஒரு மீனாக வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரும் துணிச்சல் யாருக்கு இருந்தது?

ரெஸ் பற்றி ஒரு வரி: சுடும் ஒவ்வொரு ஓசையும் பாட்டின் தாளத்தில் வந்து விழும், ஓவியர் காண்டின்ஸ்கிக்குக் காணிக்கையாக்கப்பட்ட விளையாட்டு, வந்ததோ உற்பத்தி நின்ற பிறகு. டைப்பிங் ஆஃப் த டெட் விளையாட்டில் பாத்திரங்கள் முதுகில் ட்ரீம்காஸ்ட்டைச் சுமந்து, மார்புக்கு முன் விசைப்பலகையை மாட்டிக்கொண்டு, சொற்களைத் தட்டச்சு செய்தே பிணங்களை வீழ்த்துகிறார்கள். சம்பா டி அமிகோவுக்குக் கிலுக்கு, மீன் பிடிப்பதற்குத் தூண்டில் என்று கையில் பிடிப்பதே மாறிக்கொண்டிருந்தது.

இத்தனை கற்பனை ஒரே இடத்தில் எப்படிக் கூடியது? செகாவின் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் விளையாட்டுக்கூட) இயந்திரமான நவோமியும் ட்ரீம்காஸ்ட்டும் ஏறக்குறைய ஒரே கட்டமைப்பு. ஆகவே ஆர்கேட்டுக்குச் செய்த விளையாட்டு வீட்டுக்கு வருவது எளிதாக இருந்தது. அதைவிட முக்கியம், 2000-ஆம் ஆண்டில் செகா தன் தயாரிப்புக் குழுக்களைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரித்தது: ஸ்மைல்பிட், ஓவர்வொர்க்ஸ், ஹிட்மேக்கர், யுனைடெட் கேம் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்று. ஒவ்வொரு குழுவுக்கும் தன் சொந்த முகத்தைக் காட்ட வேண்டிய கட்டாயம். என் கருத்தில் அந்தச் சில ஆண்டுகளின் செழிப்புக்கு இதுவே பெரிய காரணம். 'தோற்றுக்கொண்டிருந்ததால் துணிந்தார்கள்' என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். சீமேனும் சூ சூ ராக்கெட்டும் வந்தது 1999-இல். அப்போது நம்பிக்கை உச்சத்தில் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலதிகாரி, நான் வீட்டில் வீடியோ கேம் ஆடுகிறேன் என்று தெரிந்ததும் எல்லோர் முன்னிலையிலும், "இன்னும் சின்னப் பிள்ளையா நீங்கள்?" என்று கேட்டார். அவரே கிரிக்கெட் போட்டி நடக்கும் நாட்களில் மதியத்துக்கு மேல் அலுவலகக் கோப்புகள் எதையும் தொடமாட்டார். பிறர் ஆடுவதை உட்கார்ந்து பார்ப்பது பெரிய மனிதர் செயல், தானே ஆடுவது சிறுபிள்ளைத்தனம்! இந்த அளவுகோலை யார் வகுத்தது? நாவல் படிப்பவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. 'இளமை நினைவு' என்று எங்கள் ரசனையைத் தள்ளிவிடுவதும் அதே பேச்சின் மரியாதையான வடிவமாகவே எனக்குக் கேட்கிறது. உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் கேட்கவாவது செய்தீர்கள்.

குறைகளும் உண்டு, மறைக்கமாட்டேன். கன்ட்ரோலரில் ஒரே ஒரு குச்சிதான். திரையில் பார்க்கும் கோணத்தைத் திருப்புவது பல விளையாட்டுகளில் தொல்லை. விளையாட்டைச் சேமித்து வைக்கும், சின்னத் திரை வைத்த மெமரி கார்டு அருமையான யோசனை, கழற்றித் தனியாக எடுத்துப்போய் விளையாடலாம். ஆனால் அதன் பேட்டரி சீக்கிரமே தீர்ந்துவிடும். தீர்ந்தால் ஒவ்வொரு முறை கருவியைப் போடும்போதும் 'பீப்' என்று அலறும். டிஸ்க் சுழலும் சத்தமும் அதிகம். டிவிடி படம் ஓடாது, பிளேஸ்டேஷன் 2-இல் ஓடும். குடும்பங்கள் அதை வாங்கியதற்கு அது ஒரு பெரிய காரணம். பெரிய நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஒரு விளையாட்டைக்கூடத் தரவில்லை. இசைக்காகச் செய்த எம்ஐஎல்-சிடி வசதியின் வழியே சாதாரண சிடியில் நகலெடுத்த விளையாட்டுகளும் ஓடின. எல்லாவற்றுக்கும் மேல், முந்தைய கருவியான சாட்டர்னை 1995 மே மாதம் அமெரிக்காவில் முன்னறிவிப்பின்றித் திடீரென்று கடைகளுக்கு அனுப்பியதில் செகா இழந்த நம்பிக்கை முழுதாகத் திரும்பவே இல்லை. ட்ரீம்காஸ்ட் தன் தவறுகளால் விழுந்ததைவிடத் தன் முன்னோர் வைத்துப்போன கடனால் விழுந்தது என்பேன். தலைவர் இசாவோ ஒகாவா தன் சொந்தச் சொத்தையே நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு 2001 மார்ச்சில் காலமானார். ஒரு நிறுவனத்துக்காக இப்படிக் கொடுத்தவரை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

உங்களுக்கு விளையாடிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், மறுவெளியீடுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கிரேஸி டாக்ஸியின் 2010 மறுவெளியீட்டில் ஆஃப்ஸ்பிரிங், பேட் ரிலிஜன் குழுக்களின் பாடல்கள் இல்லை. பயணிகளை இறக்கிவிடும் உண்மையான கடைப் பெயர்களும் இல்லை. அந்தப் பாடல்கள் இல்லாத விளையாட்டை ஓட்டிவிட்டு 'இதற்கா ஆர்ப்பாட்டம்' என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். கருவி கிடைத்தால் டிஸ்க்கைப் படிக்கும் பாகம் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். பழுதாவது பெரும்பாலும் அதுதான். ஷென்மூ என்ற கதை விளையாட்டை முதலில் எடுக்காதீர்கள், அதற்குப் பொறுமை வேண்டும். சூ சூ ராக்கெட்டை எடுங்கள், ஆனால் தனியாக ஆட வேண்டாம். நான்கு கன்ட்ரோலர் சேரும் வரை காத்திருங்கள். நால்வரில் ஒருவராவது 'எனக்கு இதெல்லாம் வராது' என்று சொல்பவராக இருக்கட்டும்.