அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை

கேள்வி: வேளச்சேரியில், பாதி மண்ணுக்குள் இருக்கும் கீழறையில் பார்ட்டிகிள் போர்டு அலமாரி போட்டிருக்கிறோம். ஐப்பசி மழைக்குப் பிறகு அதன் முதுகு முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. பிளீச் போட்டுத் துடைத்தும் மூன்றே வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. என்ன செய்வது? - ஒரு வாசகி

பதில்: பிளீச்சை விடுங்கள் அம்மா. அது மேலே கறையை வெளுக்கும், ஆனால் அதிலுள்ள தண்ணீர் பலகைக்குள் இறங்கி, உள்ளே வேர்விட்டிருக்கும் பூஞ்சைக்கு இன்னும் வசதி செய்து கொடுக்கும். பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளையும் சில்லுகளையும் பசை போட்டு அழுத்தியதுதானே, அலமாரியின் அடிவிளிம்பைத் தொட்டுப் பாருங்கள், டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உப்பி உதிர்ந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். மாஸ்க் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். பிளைவுட்டாக இருந்து கெட்டியாகவும் இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாக உலர்த்தினால் போதும்.

சரி, ஈரம் எங்கிருந்து வருகிறது? சுவரில் இரண்டடி அளவுள்ள ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், நீர் முத்துகள் நின்றால் சுவர் கசிகிறது, வாட்டர்புரூஃபிங் வேலை இருக்கிறது. வெளிப்பக்கம் என்றால் காற்றின் ஈரம். மழை நாளில் ஜன்னலைத் திறந்து வைக்காமல், காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் வைத்து ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள். ரச கற்பூர உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அல்ல.

அப்புறம், அந்த அறைக்கு இனி இரும்பு ரேக்தான், அதுவும் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி.