நோயுற்ற கோழியின் உயிரை வேதனையில்லாமல் முடிப்பது எப்படி?

கோத்தகிரியில் உங்கள் கோழி வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் என்னும் வைரஸ் நோய்) வந்து, கழுத்து திருகிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நோய் வந்தபின் அதற்கு மருந்து கிடையாது. தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். தீனியும் தண்ணீரும் இறங்கவில்லை என்றால் இழுத்தடிக்காதீர்கள், பாவம்.

கால்நடை மருத்துவர் ஊசி போட்டு முடிப்பதே நல்லது. வழியில்லையா, கைப்பழக்கம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். தலைக்குக் கீழே கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் விலக்க வேண்டும். தயங்கும் கைதான் வலியைக் கூட்டும். முன்னதாகத் துணியில் சுற்றி இருட்டில் வையுங்கள். எங்கள் கருங்கோழி அப்படித்தான் என் மடியில் அடங்கிக் கிடந்தது.

அப்புறம் இறக்கை படபடவென்று அடிக்கும். பதறாதீர்கள், அது நரம்புத் துடிப்பு. கண்ணைத் தொட்டும் இமைக்காமல், மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் நின்றிருந்தால் உயிர் போய்விட்டது. கறியாக்க வேண்டாம், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள், இங்கே காட்டுப்பன்றி தோண்டிவிடும்.