40 சென்ட் ரப்பரும் பாட்டியின் வலது காதும்

குமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, காது மந்தமான பாட்டி, பிளஸ் டூ முடித்த மகள். நீட்டில் மார்க் போதவில்லை. ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்று துபாய் மாமா தினமும் போன் போடுகிறாராம். 40 சென்ட் ரப்பர் தோட்டத்தை விற்க அட்வான்ஸும் வாங்கியாயிற்று.

"பதறாதீங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தேன். அட்வான்ஸ் என்றதும் என் குரல் மாறிவிட்டது. மாமா பாதிப் பணமாவது போடுவாரா என்று கேட்டேன். அம்மா தரையைப் பார்த்தார். அங்கே படித்து முடித்தாலும் இங்கே எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் தேறாமல் வைத்தியம் பார்க்க முடியாது. மீதிக்குக் கடன் வாங்கினால் வட்டி அதுவரை காத்திருக்காது.

இதற்கிடையில் அந்தப் பெண் எழுந்து, பாட்டிக்கு வலப்பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, நாங்கள் பேசியதை முகம் பார்த்து, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வலது காதுதான் கொஞ்சம் கேக்கும் சார். கத்துனா புரியாது, நிறுத்திச் சொன்னா புரியும்." யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. கட்-ஆஃப் தாளை மூடி வைத்துவிட்டேன்.

பி.ஏ.எஸ்.எல்.பி. என்று ஒரு படிப்பு. செவித்திறனும் பேச்சும் சார்ந்தது. 3 வருடம் பாடம், 1 வருடம் இன்டர்ன்ஷிப். காது மெஷின் விற்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்த குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து, உள்காது திருப்பி அனுப்பும் ஒலியை அளப்பதில் தொடங்குகிறது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளையோடு விளையாட வேண்டும்: சத்தம் கேட்டால் ஒரு கட்டையைக் கிண்ணத்தில் போடு. ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், எங்கே கை நிற்கிறது என்று பார்ப்பார்கள். 6 வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வைக்க முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. ஆனால் ஆபரேஷன் முடிந்த அன்றே பிள்ளை 'அம்மா' என்று சொல்லிவிடாது. மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசவைக்க ஆள் வேண்டும். பக்கவாதத்தில் பேச்சு போனவர், விழுங்க முடியாதவர், திக்குவாய்க்காரர் எல்லோரும் இவர்களிடம்தான் வர வேண்டும்.

அந்தப் பயிற்சி வீட்டு மொழியில் நடக்க வேண்டியது. தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசும் நம்ம ஊர்ப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய கொடுப்பினை!

பக்கத்திலேயே, திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இந்தப் படிப்புக்கு 'நிஷ்' என்கிற தேசிய பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. 1965-இல் தொடங்கிய மைசூர் 'அயிஷ்' (அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம்) மத்திய அரசு நிறுவனம். நுழைவுத் தேர்வை அதுவே நடத்துகிறது. தனியாரில் சேர்ப்பதாக இருந்தால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். அந்தக் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் தொழில் செய்ய முடியாது.

ஆரம்பச் சம்பளம் கல்யாண வீட்டில் சொல்லிப் பெருமைப்படுகிற மாதிரி இருக்காது. மேலே எம்.எஸ்சி. படித்தால் நிலைமை வேறு. 'டாக்டர் இல்லையா' என்று மாமா கேட்பார், கேட்கட்டும்.

பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று ஒரு நாள் ஏதாவது பேச்சுப் பயிற்சி மையத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். அவள் வேண்டாம் என்றால் நானும் வற்புறுத்த மாட்டேன், வேறு யோசிக்கலாம். அட்வான்ஸை மட்டும் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.